மெய்நிகர் பொறியாட்சி: லினக்ஸ் பொறியின் அடிப்படைக் கடமைகள்

1. முன்னுரை

நூல்களைப் பதிப்பித்தலும், சொல்லடைவு தொகுத்தலும், சுவடிப் படங்களை வரிசைப்படுத்தலும் இன்று பெரிதும் கணிப்பொறியின்கண் நிகழ்வன. ஒரு தமிழ்த்துறை தன் தொகுப்பைப் பலரும் அணுகுமாறு ஓரிடத்தில் வைக்க விரும்பின், பல்கலைக்கழகக் கணிப்பொறி நடுவம் பொதுவாக அதற்கெனத் தனிப்பெட்டி ஒன்றை வாங்கித் தருவதில்லை. மெய்நிகர் பொறி ஒன்றை ஒதுக்கி, அதன் பெயரையும் நுழையும் வழியையும் ஒரு தாளில் எழுதித் தருகின்றது. அப்பொறியில் இயங்குவது பெரும்பாலும் லினக்ஸ் என்னும் இயக்குமுறையே.

பொறியைப் பெற்றுக்கொள்ளும் பொறுப்பு பலகாலும் ஓர் ஆய்வு மாணவரையே சேர்கின்றது. அவர் சில ஆண்டுகளிற் பட்டம் பெற்று நீங்குகின்றார். பொறி நிற்கின்றது, அதனைக் காப்பார் இலர். பத்தாண்டு உழைப்பாற் சேர்ந்த பாட வேறுபாடுகளும் அட்டவணைகளும் அங்ஙனம் காப்பாரற்ற பொறியில் தங்குமாயின், அவை கறையான் அறியாத ஏடுகள் என்று நாம் அமைதி கொள்வதற்கில்லை. ஏட்டின் அழிவு கண்ணுக்குத் தெரிந்து மெல்ல நிகழ்வது. பொறியின் அழிவோ ஒரு நொடியில், ஓசையின்றி நிகழ்வது.

எனவே பொறியாட்சியின் அடிப்படைக் கடமைகளை இலக்கிய மாணவரும் அறிதல் வேண்டும் என்று யாம் கருதுகின்றோம். இக்கடமைகள் பலவாகத் தோன்றினும் அவற்றின் முடிந்த நோக்கம் ஒன்றே. பொறி அழியினும் நூல் அழியலாகாது. இந்நோக்கத்திற்கே ஏனைய கடமைகள் யாவும் துணைநிற்கின்றன என்பது இக்கட்டுரையின் துணிபு.

ஒரு குறிப்பு. பொறிக்கு இடும் ஏவல்கள் உரோமன் எழுத்தில் தட்டச்சிடப்படுவன. ஈண்டு அவற்றை ஒலிபெயர்த்துத் தமிழெழுத்தாற் குறிக்கின்றோம். ஏவல்கள் இயக்குமுறையின் வகைக்கேற்பச் சிறிது வேறுபடும். யாம் எடுத்துக்காட்டாகக் கொள்வது உபுண்டு 24.04 என்னும் பதிப்பாகும்.

2. மெய்நிகர் பொறி என்பது யாது?

மெய்யான ஒரு கணிப்பொறியின் உள்ளே மென்பொருளால் அமைக்கப்படும் மற்றொரு கணிப்பொறியே மெய்நிகர் பொறி. வெளியே நிற்கும் மெய்ப்பொறியைத் தாங்குபொறி என்போம். அதன் செயலி, நினைவகம், வட்டு ஆகியவற்றைக் கூறிட்டுப் பல மெய்நிகர் பொறிகளுக்குப் பகிர்ந்தளித்து, ஒன்றன் வேலையில் மற்றொன்று தலையிடாதவாறு காக்கும் மென்பொருளை மேலாளி எனலாம். உள்ளிருக்கும் இயக்குமுறை, தனக்கெனத் தனிப்பொறி ஒன்று உளது போலவே இயங்கும்.

இக்கருத்து புதியதன்று. 1960-களில் ஐ.பி.எம். நிறுவனத்தினர் தம் பெருங்கணிப்பொறிகளில் இதனைச் செய்து காட்டினர், 1972-இல் வி.எம்./370 என்னும் பெயரால் அதனை விற்பனைக்கும் அறிவித்தனர். 1974-இல் பொப்பெக், கோல்டுபர்க் என்னும் இருவர், ஒரு பொறி மெய்நிகராக்கத்திற்கு ஏற்றதாதற்குரிய இலக்கணத்தை வகுத்தனர். லினக்ஸின் கருவிலேயே இவ்வாற்றல் சேர்ந்தது 2007-இல், கே.வி.எம். என்னும் பகுதி அவ்வாண்டு அதனுடன் இணைக்கப்பெற்றது.

பொறியாட்சிக்கு வேண்டிய செய்தி ஒன்று இவ்வமைப்பினின்றும் பெறப்படும். மெய்நிகர் பொறியின் வட்டு என்பது பெரும்பாலும் தாங்குபொறியில் உள்ள ஒரு பெருங்கோப்பே. ஆதலின் அப்பொறியைச் சில நிமிடங்களில் ஆக்கலாம்; அதே எளிமையோடு நீக்கவும் செய்யலாம். ஒரு கணத்தில் அது நின்ற நிலையை அப்படியே பதிந்துவைத்துப் பின்னர் அந்நிலைக்கு மீளவும் இயலும். இதனை நிலைப்பதிவு என்பர். இவ்வெளிமை நன்மைக்கும் தீமைக்கும் ஒருங்கே வாயில் ஆகின்றது. எங்ஙனம் என்பதனைக் காப்புநகல் பற்றிய பகுதியிற் காண்போம்.

3. லினக்ஸும் அதன் வெளியீடுகளும்

லினக்ஸ் என்பது, நுண்ணிதின் நோக்கின், இயக்குமுறையின் கருவைக் குறிக்கும் பெயர். 1991-இல் எல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் அதனைத் தொடங்கினார். கருவோடு பிற மென்பொருள்களைச் சேர்த்துத் தொகுத்து வெளியிடுவோர் பலர். 1993-இல் தோன்றிய டெபியனும், அதன்வழி 2004-இல் தோன்றிய உபுண்டுவும் அவற்றுள் பரவலாக வழங்குவன.

ஒரு மூலநூலுக்குப் பல பதிப்புகள் உள்ளமை போல்வது இது. ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. நூற்பதிப்பிற்குக் காலவெல்லை இல்லை. இயக்குமுறைப் பதிப்பிற்கோ எல்லை உண்டு. உபுண்டு 24.04, 2024 ஏப்பிரலில் வெளிவந்தது. அதற்கு ஐந்தாண்டு பொதுப் பேணுகை உறுதி செய்யப்பட்டுள்ளது. அவ்வெல்லை கடந்தபின் அதன் குறைகள் வழக்கமான முறையிற் திருத்தப்பெறா. ஆதலின் பொறியைப் பெறும் நாளிலேயே அதன் பதிப்பெண்ணையும் பேணுகை முடியும் ஆண்டையும் குறித்து வைத்தல் முதற்கடமை.

4. நுழைவாயில்

மெய்நிகர் பொறிக்குத் திரையும் தட்டச்சுப் பலகையும் இல்லை; தொலைவிலிருந்தே அதனுட் புகுதல் வேண்டும். அதற்குரிய நெறி எஸ்.எஸ்.எச். எனப்படும். 1995-இல் பின்லாந்தில் ஒரு பல்கலைக்கழக வலையிற் கடவுச்சொற்கள் ஒற்றறியப்பட்ட நிகழ்ச்சியை அடுத்து, தாது இலோனென் என்பார் இதனை ஆக்கினார். செல்லும் செய்தி யாவும் மறையாக்கப்படுதலின், இடையில் நின்று கேட்பார்க்குப் பொருள் விளங்காது.

நுழைவுக்குக் கடவுச்சொல்லினும் திறவிணை சிறந்தது. திறவிணை என்பது ஒன்றோடொன்று பொருந்திய இரு திறவுகள். ஒன்று பொதுத் திறவு. அதனைப் பொறியில் வைக்கின்றோம். மற்றொன்று மறைத் திறவு. அது நம் கணிப்பொறியை விட்டு நீங்கலாகாது. பொதுத் திறவை எவர் கண்டாலும் கேடில்லை. மறைத் திறவு பிறர் கைப்படின் வாயில் திறந்ததாகவே கொள்ளவேண்டும். ஆதலின் அதற்கும் ஒரு பூட்டுத்தொடர் இடுவது நன்று.

திறவிணை செவ்வனே இயங்குகின்றது எனக் கண்டபின், கடவுச்சொல்லால் நுழையும் வழியை அடைத்துவிடலாம். இங்கே ஒழுங்குமுறை இன்றியமையாதது. முன்னே திறந்த இணைப்பை மூடாமலே, இரண்டாவது இணைப்பொன்றைத் திறவிணையால் திறந்து பார்த்தல் வேண்டும். அது திறந்தாலன்றி முதல் இணைப்பை விடலாகாது. இம்முறையைக் கைவிட்டோர் தம் வீட்டுக்கு வெளியே நின்று தாமே தாழிட்டவர் ஆவர். அந்நிலை நேரின், மேலாளி மென்பொருள் வழங்கும் முனையத்தின் வழியாக உட்புகுதல் கூடும்; அவ்வழி கணிப்பொறி நடுவத்தார் கையில் உள்ளது என்பதனை முன்னரே கேட்டறிதல் நலம்.

தீச்சுவர் என்னும் காவலுக்கும் இவ்வொழுங்கே உரியது. யு.எஃப்.டபிள்யு. என்னும் கருவி, எந்தெந்த வாயில் வழியாக வெளியார் வரலாம் என்று வரையறுப்பது. எஸ்.எஸ்.எச். நெறிக்குரிய 22-ஆம் வாயிலைத் திறந்துவிடுமாறு முதலிற் கூறியபின்னரே தீச்சுவரை எழுப்புதல் வேண்டும். வலைத்தளம் ஒன்றை வழங்குவதாயின் 80, 443 ஆகிய இரண்டும் வேண்டப்படும். பிற வாயில்களைத் திறப்பதற்குக் காரணம் கூற இயலாதெனின் அவை மூடியே இருத்தல் தகும்.

5. பயனரும் உரிமையும்

லினக்ஸில் எல்லாம் வல்ல பயனர் ஒருவர் உளர். அவர் பெயர் ரூட். அவர் இடும் ஏவலைப் பொறி ஐயுறாது நிறைவேற்றும். முழுத் தொகுப்பையும் அழிக்கச் சொல்லினும், 'மெய்யாகவோ?' என்று பெரும்பாலும் வினவாது. ஆகவே அன்றாட வேலையைத் தம் பெயரிலேயே செய்து, மேலதிகாரம் வேண்டும் ஏவலுக்கு மட்டும் சுடோ என்னும் சொல்லை முன்னிட்டு வழங்குவது மரபு. அவ்வாறு வழங்கியவர் யார், எப்பொழுது வழங்கினார் என்பது பதிவேட்டில் நிற்கும்.

ஒரே பெயரையும் ஒரே கடவுச்சொல்லையும் துறையார் அனைவரும் பகிர்ந்து கொள்ளும் வழக்கம் எளிமையால் வருவது. ஆனால் தீங்கு பயப்பது. ஒரு பாடம் திருத்தப்பட்டிருப்பின், திருத்தியவர் யார் என்று அறிய வழியில்லாமற் போகும். பெயரறியாத ஏடெழுதுவோர் கைச்சேர்க்கையாற் பதிப்பாசிரியர் படும் இடர் நாம் அறிந்ததே. அதனைப் பொறியிலும் நாமே வருவித்துக் கொள்ளுதல் தகாது. ஆளுக்கு ஒரு கணக்கு என்பதே நெறி.

ஒவ்வொரு கோப்பிற்கும் மூவர்க்குரிய உரிமைகள் வகுக்கப்பட்டுள்ளன: உடையவர், குழுவினர், பிறர். உரிமைகளும் மூன்று: படித்தல், எழுதுதல், இயக்குதல். இவற்றை முறையே 4, 2, 1 என்னும் எண்களாற் குறித்துக் கூட்டுவர். 640 என்று ஒரு கோப்பிற்கு உரிமை வகுப்பின், உடையவர் படிக்கவும் எழுதவும் செய்வர், குழுவினர் படிப்பர், பிறர் காணார் என்பது பொருள். கோப்புறைக்காயின், இயக்குதல் என்பது அதனுட் புகும் உரிமையைக் குறிக்கும்.

துறைத் தொகுப்பு ஒன்றிற்கு இதனைப் பொருத்திக் காண்போம். பதிப்பாளர் என்றொரு குழுவை அமைத்து, திருத்தும் பணியுடையாரை அதிற் சேர்க்கலாம். தொகுப்பின் கோப்புறைக்கு 2775 என உரிமை வகுக்கலாம். முன்னிற்கும் 2, அங்கே புதிதாகத் தோன்றும் கோப்புகள் ஆக்கியவரின் தனிக்குழுவைச் சாராது பதிப்பாளர் குழுவையே சாருமாறு செய்யும். இறுதியில் நிற்கும் 5, பிறர் புகுந்து படிக்கலாம், திருத்தலாகாது என்பதனைக் குறிக்கும். ஏதேனும் தடையுற்ற பொழுது, எல்லார்க்கும் எல்லா உரிமையும் தரும் 777 என்னும் எண்ணை இட்டு அத்தடையை நீக்கிக் கொள்வாரும் உளர். அது நோயைத் தீர்ப்பதன்று, கதவையே பெயர்த்தெடுப்பது.

6. இற்றைப்படுத்தல்

மென்பொருளும் மனிதர் எழுதிய நூலே. அதன்கண்ணும் பிழைகள் உள. பிழை வெளிப்பட்ட நாளில் திருத்தமும் வெளிவரும். அத்திருத்தத்தை மேற்கொள்ளாத பொறிகளைத் தேடித் திரிவாரும் அந்நாளிலேயே புறப்படுவர். 2014 ஏப்பிரலில் ஓப்பன் எஸ்.எஸ்.எல். என்னும் மறையாக்க நிரலில் வெளிப்பட்ட 'ஹார்ட்பிளீடு' என்னும் குறை இதற்குத் தக்க சான்று. அக்குறையால் சேவையகத்தின் நினைவிலிருந்த செய்திகளை, மறைத் திறவு உட்பட, வெளியார் படித்தறிய இயன்றது. திருத்தம் உடனே வந்தது. ஆனால் அதனை நிறுவிய பொறிகளே காப்புற்றன.

உபுண்டுவில் இக்கடமை இரு படிகளாக நிகழும். ஏ.பி.டி. அப்டேட் என்னும் ஏவல், எவ்வெவற்றிற்குப் புதிய வடிவம் வந்துளது என்னும் பட்டியலை மட்டுமே புதுப்பிக்கும். ஏ.பி.டி. அப்கிரேடு என்னும் ஏவலே அவற்றை நிறுவும். முன்னதை மட்டும் செய்து கடமை முடிந்ததாகக் கருதுவது தொடக்கத்தார்க்கு இயல்பான மயக்கம். பாதுகாப்புத் திருத்தங்களைத் தானே நிறுவிக் கொள்ளும் ஏற்பாடும் உண்டு. எனினும் இயக்குமுறையின் கரு மாறியிருப்பின், பொறியை ஒருமுறை நிறுத்தித் தொடங்கினாலன்றிப் புதிய கரு பொதுவாக நடைமுறைக்கு வாராது.

பெரிய மாற்றத்திற்கு முன் நிலைப்பதிவு ஒன்றை எடுத்துக்கொள்வது மெய்நிகர் பொறிக்கே உரிய நற்பேறு. மாற்றம் கெடுதியாய் முடியின் பழைய நிலைக்கு மீளலாம். மாற்றம் நன்றென ஓரிரு நாளிற் தெளிந்தபின் அந்நிலைப்பதிவை நீக்கிவிடுதல் வேண்டும். நீக்காது விடின் அது தாங்குபொறியின் இடத்தைத் தின்று வளரும். பொறியின் விரைவையும் குறைக்கக்கூடும்.

7. இடமும் நினைவகமும்

வட்டு நிரம்புதல் பொறிகள் நின்றுபோவதற்குரிய காரணங்களுள் மிக எளியது. முன்னரே அறிந்து தடுக்கத்தக்கதும் அதுவே. டி.எஃப். என்னும் ஈரெழுத்து ஏவல், வட்டில் எவ்வளவு நிரம்பியுளது என்று காட்டும். டி.யு. என்னும் ஏவல், எந்தக் கோப்புறை எவ்வளவு இடம் கொண்டுளது என்று காட்டும். நிரம்பிய வட்டில் ஒரு கோப்பைச் சேமிக்க முயன்றால், அது பாதியில் நின்றுவிடுதலும் கூடும். பழைய வடிவமும் இழக்கப்பட்டுப் புதிய வடிவமும் நிறைவுறாத நிலை அது.

எழுத்தால் ஆகிய தொகுப்பிற்கு வேண்டும் இடம் மிகச் சிறிதே. யு.டி.எஃப்.-8 என்னும் குறியீட்டு முறையில் தமிழ்க் குறியொன்று மூன்று பைட்டு கொள்ளும். 'தமிழ்' என்னும் சொல்லில் நம் கண்ணுக்குரிய எழுத்து மூன்று. பொறிக்குரிய குறி ஐந்து, அவையாவன: தகரம், மகரம், இகரக்குறி, ழகரம், புள்ளி. ஆதலின் அச்சொல் கொள்ளும் இடம் 15 பைட்டு. பத்து இலட்சம் குறிகள் கொண்ட நூலும் 30 இலட்சம் பைட்டுக்குள் அடங்கும். படங்களின் நிலையோ வேறு. அகலத்தில் 6,000, உயரத்தில் 4,000 புள்ளிகள் கொண்ட ஒரு வண்ணப் படம், சுருக்கப்படாத நிலையில் 7 கோடியே 20 இலட்சம் பைட்டு கொள்ளும். ஓர் ஏட்டின் ஒரு பக்கத்துப் படம், மேற்கூறிய அளவுடைய 24 நூல்களின் இடத்தைக் கொள்கின்றது என்க. எழுத்துத் தொகுப்பையும் படத் தொகுப்பையும் வெவ்வேறு வட்டில் வைத்தல் இக்காரணத்தால் அறிவுடைமை.

இடம் போதாதபொழுது நடுவத்தார் மெய்நிகர் வட்டைப் பெருக்கித் தருவர். அதனோடு பணி முடிவதில்லை. வட்டு, வட்டின் பகுப்பு, பகுப்பின்மேல் அமைந்த கோப்புமுறை என அடுக்குகள் மூன்று உள. வட்டு பெருகியபின் பகுப்பையும், பகுப்பு பெருகியபின் கோப்புமுறையையும் விரித்தாலன்றிப் புதிய இடம் நமக்குப் பயன்படாது. பெருக்குதல் எளிது, சுருக்குதல் அரிது. ஆதலின் தொடக்கத்திலேயே மிகப் பெரிதாகக் கேட்டுப் பெறாமல், வேண்டுங்கால் விரித்துக் கொள்வது முறை.

நினைவகத்தைக் காட்டும் ஏவல் ஃபிரீ என்பது. அதன் விடையில் வெற்றிடம் மிகச் சிறிதெனக் கண்டு அஞ்சவேண்டுவதில்லை. பயனின்றிக் கிடக்கும் நினைவகத்தை, அண்மையிற் படித்த கோப்புகளை நினைவிற் கொள்ள லினக்ஸ் பயன்படுத்திக் கொள்கின்றது. பிறிதொரு நிரல் வேண்டும்பொழுது விட்டுக்கொடுக்கின்றது. நோக்கவேண்டுவது 'அவைலபிள்' என்னும் பத்தியையே.

8. சேவைகளும் பதிவேடும்

பின்னணியில் இடையறாது இயங்கும் நிரல்களைச் சேவைகள் என்பர். வலைத்தள வழங்கி, தரவுத்தளம், எஸ்.எஸ்.எச். ஆகியன அவ்வகையின. சிஸ்டம்-சி.டி.எல். என்னும் ஏவலால் அவற்றைத் தொடங்கலாம், நிறுத்தலாம், நிலையறியலாம். இதில் ஒரு நுட்பம் உண்டு. 'ஸ்டார்ட்' என்பது அப்பொழுது தொடங்குதலை மட்டும் குறிக்கும். 'எனேபிள்' என்பது, பொறி மீளத் தொடங்குந்தோறும் தானே தொடங்குமாறு பணித்தலைக் குறிக்கும். பின்னதைச் செய்யாது விடின், ஒருமுறை மின்தடை நேர்ந்தபின் வலைத்தளம் எழாது.

பொறியில் நிகழ்வன யாவும் பதிவேட்டில் நிற்கும். ஜர்னல்-சி.டி.எல். என்னும் ஏவலால் அதனைப் படிக்கலாம். ஒரு சேவைக்குரிய பதிவுகளை மட்டுமோ, ஒரு நாளுக்குரிய பதிவுகளை மட்டுமோ பிரித்தெடுத்தலும் இயலும். பிழை நேர்ந்தபொழுது ஊகத்தால் ஒன்றை மாற்றிப் பார்ப்பதன்முன் பதிவேட்டைப் படித்தல் ஆய்வாளர்க்கு இயல்பாக வரவேண்டும். சான்றின்றி முடிபு கூறாமை நம் துறையின் ஒழுக்கமன்றோ?

பதிவேடு பயன்படவேண்டின் பொறியின் கடிகாரம் செம்மையாக இருத்தல் வேண்டும். மெய்நிகர் பொறி சிறிதுபொழுது நிறுத்திவைக்கப்பட்டு மீள இயக்கப்படின் அதன் நேரம் பிந்திவிடக் கூடும். டைம்டேட்-சி.டி.எல். என்னும் ஏவல், நேரம் வலைவழி ஒத்தியைந்துளதா என்று காட்டும். பொறி உலகப் பொதுநேரத்தில் அமைந்திருப்பின், இந்திய நேரம் அதனினும் ஐந்தரை மணி முந்தியது என்பதனை நினைவிற் கொண்டு பதிவுகளைப் படித்தல் வேண்டும்.

9. காப்புநகல்

இதுகாறும் கூறிய கடமைகள் அழிவு நேரும் வாய்ப்பைக் குறைப்பன. அழிவு நேர்ந்தபின் உதவுவது காப்புநகல் ஒன்றே. இப்பகுதியே பொறியாட்சியின் நடுவண் என்பது எம் கருத்து.

முதற்கண் ஒரு மயக்கத்தை நீக்குதல் வேண்டும். நிலைப்பதிவு காப்புநகல் ஆகாது. நிலைப்பதிவு பெரும்பாலும் மூல வட்டு உள்ள இடத்திலேயே, அதனைச் சார்ந்தே நிற்பது. தாங்குபொறியின் வட்டுகள் கெடின் மூலமும் பதிவும் உடன் அழியும். மெய்நிகர் பொறியையே ஒருவர் நீக்கிவிடின் அதன் நிலைப்பதிவுகளும் உடன் நீங்குதல் உண்டு. ஒரே பேழையில் வைத்த மூல ஏடும் படியும் போன்றவை அவை. பேழை எரியின் இரண்டும் எரியும்.

இரண்டாவது மயக்கம், ஒத்தியைத்தலைக் காப்புநகல் எனக் கருதுவது. ஆர்-சிங்க் என்னும் கருவி, ஒரு கோப்புறையை மற்றொரு பொறியிலுள்ள கோப்புறையோடு ஒப்பிட்டு, வேறுபட்ட பகுதிகளை மட்டும் அனுப்புவது; மிகப் பயனுடையது. ஆயின் மூலத்தில் அழிந்ததை நகலிலும் அழிக்குமாறு அதனைப் பணிக்க இயலும். அங்ஙனம் பணித்து நாள்தோறும் இயக்கின், இன்று தவறுதலாக அழித்த கோப்பு நாளை நகலிலும் இராது. ஆதலின் நாள், கிழமை, திங்கள் என்னும் முறையில் வெவ்வேறு காலத்து நகல்களைத் தனித்தனியே வைத்தல் வேண்டும். மூன்று படிகள், இரண்டு வகை ஊடகம், ஒன்றாவது வேறிடம் என்பது இத்துறையார் வழங்கும் சுருக்கமான விதி.

நகல் எடுக்கும் வேலையைக் குறித்த நேரத்திற் தானே நிகழுமாறு செய்வது கிரான் என்னும் சேவை. தானே நிகழ்வது நன்மை. தானே நின்றுபோவதும் உண்டு என்பதே அச்சம். இதனை விளக்கும் நிகழ்ச்சி ஒன்று உலகறிந்தது. 2017 சனவரி 31-ஆம் நாள், நிரலாசிரியர் பலர் தம் படைப்புகளை வைத்திருந்த கிட்லேப் என்னும் தளத்தில், பொறியாளர் ஒருவர் துணைச் சேவையகத்தில் நீக்கவேண்டிய தரவுக் கோப்புறையைத் தலைமைச் சேவையகத்தில் நீக்கினார். சிறுபொழுதில் உணர்ந்து நிறுத்தினும் ஏறத்தாழ 300 கிகாபைட் தரவு அழிந்தது. காப்புநகலை நாடியபொழுது, நகலெடுக்கும் நிரலின் பதிப்பு தரவுத்தளத்தின் பதிப்போடு பொருந்தாமையால் நகல் எடுக்கப்படவே இல்லை என்பது தெரியவந்தது. தோல்வியை அறிவிக்கும் மின்னஞ்சல்களும் ஏற்கப்படாமற் போயிருந்தன. வேறொரு பணிக்காக ஆறு மணி நேரத்திற்கு முன் கையால் எடுக்கப்பட்ட ஒரு நிலைப்பதிவே தளத்தை மீட்டது. இந்நிகழ்ச்சியை அந்நிறுவனத்தாரே மறையாது வெளியிட்டமையால் உலகம் பாடம் கற்றது.

நூலகத்தார்க்கு இன்னும் அணித்தான நிகழ்ச்சி 2023 அக்டோபரில் பிரித்தானிய நூலகத்தில் நேர்ந்தது. இணையவழி புகுந்தோர் அதன் சேவையகங்களை முடக்கினர். நூற்பட்டியலின் முதன்மைப் பகுதி 2024 சனவரியிற்றான் மீண்டும் இணையத்தில், தேடுதற்கு மட்டும் உரியதாய், வந்தது. 2024 மார்ச்சில் அந்நூலகம் வெளியிட்ட அறிக்கையில் நாம் கருதத்தக்க செய்தி ஒன்று உண்டு. எண்மத் தொகுப்புகளின் காப்பான நகல்கள் அதனிடம் இருந்தன. ஆனால் அவற்றை மீள நிறுவுதற்குத் தக்க பொறியமைப்பு இல்லாமையே மீட்சியைத் தாழ்த்தியது.

முன்னைய நிகழ்ச்சியில் நகல் உண்டு என்ற எண்ணம் இருந்தது, நகல் இல்லை. பின்னையதில் நகல் இருந்தது. அதனை ஏற்கும் இடம் இல்லை. இவ்விரண்டினின்றும் பெறப்படும் முடிபு ஒன்றே: மீட்டுப் பார்க்கப்படாத நகல் நகலாகாது. இங்கேதான் மெய்நிகர் பொறியின் எளிமை நமக்குப் பெருந்துணை செய்கின்றது. ஆண்டிற்கு இருமுறையேனும் வெறும் மெய்நிகர் பொறி ஒன்றைப் புதிதாக ஆக்கி, காப்புநகலிலிருந்து தொகுப்பை அதில் மீட்டு, எல்லாம் இயங்குகின்றன எனக் கண்டபின் அப்பொறியை நீக்கிவிடலாம். பெட்டி வாங்கும் செலவு இல்லை. வேண்டுவது ஒரு பிற்பகற்பொழுதே.

மீட்ட தொகுப்பு மூலத்தோடு ஒத்துளதா என்று காண்பதற்குக் கண் போதாது. எஸ்.எச்.ஏ.-256 என்னும் கணிப்பு, ஒரு கோப்பின் உள்ளடக்கம் முழுவதினின்றும் 64 குறிகள் கொண்ட ஒரு முத்திரையைப் பிறப்பிக்கும். ஒரு புள்ளி மாறினும் முத்திரை முற்றும் மாறும். தமிழ்த் தொகுப்பிற்கு இது சிறப்பாக வேண்டுவது. 'கொ' என்னும் எழுத்தை, ககரத்தோடு ஒகரக்குறி ஒன்றைச் சேர்த்து ஆறு பைட்டாகவும் எழுதலாம். ககரத்தோடு எகரக்குறியும் ஆகாரக்குறியும் தனித்தனியே சேர்த்து ஒன்பது பைட்டாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றே. பொறிக்கு இரண்டும் வேறு. ஒருவகையால் எழுதிய சொல்லை மற்றொருவகையால் தேடின் பல கருவிகள் 'இல்லை' என்றே விடை கூறும். இடையில் ஏதேனும் ஒரு கருவி இவற்றை மாற்றியிருப்பின் முத்திரையே அதனைக் காட்டிக்கொடுக்கும்.

10. பொறிக்குறிப்பும் கையளிப்பும்

இறுதிக் கடமை எழுத்து. பொறியின் பெயர், பதிப்பு, பேணுகை முடியும் ஆண்டு, நிறுவிய மென்பொருள்கள், மாற்றிய அமைப்புக் கோப்புகள், மாற்றியதன் காரணம், நகல்கள் இருக்கும் இடம், மீட்கும் முறை ஆகியவற்றை ஒரு குறிப்பேட்டில் நாளிட்டு எழுதிவருதல் வேண்டும். அக்குறிப்பேடு அப்பொறியிலேயே மட்டும் இருப்பின் பயனில்லை. குறிப்பேட்டைக் கையிற்கொண்டு, முன்பின் அறியாத ஒருவர் பொறியை மீள ஆக்கிவிட இயலுமாயின் அதுவே நிறைந்த குறிப்பு.

பொறிக்குக் காப்பாளர் இருவரேனும் இருத்தல் வேண்டும். அவருள் ஒருவர் துறையில் நிலைத்த ஆசிரியராதல் நன்று. ஆய்வு மாணவர் பட்டம் பெற்று நீங்கும்பொழுது, அவர்தம் கோப்புகளைத் தொகுப்பின் பெயருக்கு மாற்றி, அவர் கணக்கையும் பொதுத் திறவையும் நீக்கி, குறிப்பேட்டை அடுத்தவர்க்குக் கையளித்தல் வேண்டும். இதனை ஐயப்பாட்டின் செயலாகக் கருதவேண்டா. நூலகத் திறவைத் திருப்பித் தருதல் போன்றதொரு முறைமையே இது.

11. முடிவுரை

நுழைவாயிலைக் காத்தல், உரிமையை வரையறுத்தல், இற்றைப்படுத்தல், இடம் நோக்கல், பதிவேடு படித்தல், நகலெடுத்து மீட்டுப் பார்த்தல், குறிப்பெழுதிக் கையளித்தல் என்னும் ஏழும் லினக்ஸ் மெய்நிகர் பொறியின் அடிப்படைக் கடமைகள் எனக் கண்டோம். முதல் ஐந்தும் பொறியைப் பற்றியன; இறுதி இரண்டும் நூலைப் பற்றியன. முன்னவற்றிற் சிறிது தாழ்வு நேரினும் பின்னவை செவ்வனே நிகழுமாயின் இழப்பு ஒரு நாட்பணியோடு ஒழியும். பின்னவை இல்லையாயின், முன்னவை எத்துணைச் செம்மையாக நிகழினும் தொகுப்பிற்கு உறுதியில்லை.

ஓலை நிலைத்தமையால் நம் பழைய நூல்கள் நிலைபெறவில்லை. ஓலை சிதையுமுன் ஒருவர் அதனைப் படியெடுத்தமையாலேயே நிலைபெற்றன. படியெடுப்பார் அற்ற நூல்கள் பெயரளவில் நின்றன. சில பெயரும் இழந்தன. பொறியின் வாழ்நாள் ஓலையின் வாழ்நாளினும் குறுகியது. எனவே தத்தம் துறைப் பொறியின் காப்புநகல் எங்குளது, அது கடைசியாக மீட்டுப் பார்க்கப்பட்டது எப்பொழுது என்னும் இரு வினாக்களுக்கும் ஒவ்வொரு துறையும் எழுத்தில் விடை வைத்திருத்தல் வேண்டும். விடை இல்லாத துறை, அதனைத் தேடுவதினின்றே இப்பணியைத் தொடங்குவதாகுக.